வலோரன்ட்: எந்த வயதில் விடலாம்?

ஐந்து பேர் தாக்க வேண்டும், ஐந்து பேர் காக்க வேண்டும். ஸ்பைக் என்கிற குண்டைத் தாக்கும் அணி வைத்துவிட்டால் 45 விநாடியில் வெடிக்கும். அதற்குள் எதிரணி அதைச் செயலிழக்க வைக்க வேண்டும். முதலில் 13 ரவுண்டு எடுக்கும் அணிக்கே வெற்றி. ரயட் கேம்ஸ் 2020 ஜூனில் வெளியிட்ட வலோரன்ட் விளையாட்டு இதுதான். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், மும்பையில் சர்வர் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இது பரவியதில் வியப்பில்லை.

ஆடிப் பார்த்தால், சுடுவது பாதி வேலைகூட இல்லை என்று புரிகிறது. ரவுண்டுக்கு ரவுண்டு கிரெடிட்டை எண்ணித் துப்பாக்கி வாங்க வேண்டும். வேண்டல் துப்பாக்கி ஒன்றுக்கே 2,900 போய்விடும். கையில் குறைவாக இருந்தால் ஐவரும் சேர்ந்து ஒரு ரவுண்டு சிக்கனம் பிடிக்க வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா சிதறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்ததாகச் சொல்லப்படும் லோட்டஸ் மேப்பில், சுழல் கதவு திரும்பும் சத்தத்தை வைத்தே எதிரி வரும் வழியை ஊகிக்கலாம். செத்தால் ரவுண்டு முடியும்வரை தோழர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதின்வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுமையும் கூட்டுக் கணக்கும் நல்ல பயிற்சி என்றே நினைக்கிறேன்.

ரத்தத்தைப் பற்றித்தான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். அதையும் சடலங்களையும் செட்டிங்ஸில் மறைத்துவிடலாம். விளையாட்டுகளுக்கு வயது வரம்பு சொல்லும் அமைப்புகளில் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி இதற்கு 13 வயது என்கிறது, ஐரோப்பாவின் பெகி 16 என்கிறது. ஆனால் இணையத்தில் பிறருடன் நடக்கும் பேச்சு தன் மதிப்பீட்டில் சேராது என்று இஎஸ்ஆர்பியே சொல்லிவிடுகிறது. என் கவலை முழுக்க அந்தப் பேச்சில்தான்.

தனியாக உள்ளே போகும் பிள்ளைக்கு முன்பின் தெரியாத நால்வர் கூட்டாளிகள். அணி தோற்கத் தொடங்கினால் பழிபோட ஓர் ஆள் வேண்டும். மைக்கில் கேட்பது சின்னப் பையனின் குரல் என்றால் அவன் மாட்டினான். பெண்குரல் என்றால் இன்னும் மோசம். தாயைப் பற்றி, சாதியைப் பற்றி, காது கூசும் பேச்சு வரும். புகார் வந்தால் குரல் பதிவைச் சோதிக்கும்படி ரயட் 2021-இல் தன் விதிகளை மாற்றியது. நல்லதுதான். ஆனால் புகார் செய்வதற்குள் பத்து வயதுக் குழந்தை எல்லாவற்றையும் கேட்டு முடித்திருக்கும்.

அதனால் டீம் வாய்ஸை அணைத்துவிட்டு, தெரிந்த நண்பர்களோடு மட்டும் பார்ட்டி வாய்ஸில் பேச விடுங்கள். எழுத்து சாட்டில் வசைபாடுபவரையும் மியூட் செய்யப் பழக்குங்கள். பள்ளித் தோழர்கள் ஐவர் சேர்ந்து ஆடினால் விளையாட்டின் அருமையும் அப்போதுதான் தெரியும்.

விளையாட்டுக்குள் இருக்கும் கடையும் கவனிக்க வேண்டியது. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் நான்கு ஸ்கின்கள் அங்கே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். இன்று விட்டால் எப்போது வருமோ என்ற பதற்றத்தைப் பிள்ளை மனத்தில் அது விதைக்கிறது. பிரீமியம் ஸ்கின் ஒன்று 1,775 பாயின்ட். விலை ரூபாயில் தெரிவதில்லை, ஸ்கின்னால் ஆட்டத்தில் கூடுதல் பலமும் இல்லை. உங்கள் கார்டை அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

மோசடியைத் தடுக்கும் வேன்கார்டு மென்பொருள் விண்டோஸின் அடியாழம்வரை இறங்கி, கணினி தொடங்கும்போதே விழித்துக்கொள்கிறது. வங்கி வேலையும் அதே கணினியில் என்றால் யோசித்து நிறுவுங்கள்.

13 வயதுக்குக் கீழே வேண்டாம். 13 முதல் 15 வரை நண்பர் குழுவோடு, ஸ்விஃப்ட்பிளேயில். அதில் 5 ரவுண்டு வென்றால் போதும், ஆட்டம் சீக்கிரம் முடியும். முழு ஆட்டம் 40 நிமிடத்தைத் தாண்டலாம். நடுவில் எழுந்தால் தண்டனை பிள்ளைக்கு, நட்டம் மற்ற நால்வருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு முன் முழு ஆட்டத்தைத் தொடங்க விடாமல் இருப்பதே இரு தரப்புக்கும் நியாயம். ரேங்க் ஆட்டம் 16-க்குப் பிறகு போதும். கணக்கு 20-ஆம் லெவலை எட்டினால்தான் அது திறக்கும்; அதற்குள் சில மாலைகள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்ஃபோனைக் கழற்றச் சொல்லி, ஸ்பீக்கரில் நீங்களும் கேளுங்கள்.