விருப்பப் பட்டியலை எழுதுவது யார்?

ஆண்டுதோறும் ஜூலை வாக்கில் பொறியியல் தரவரிசைப் பட்டியல் வந்ததும் ஒரே பாராட்டு எல்லாப் பக்கமும் கேட்கிறது. நம் கலந்தாய்வில் யார் கையும் படுவதில்லை, எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது, அதனால் எல்லாருக்கும் ஒரே நீதி என்கிறார்கள். இன்னும் நியாயமாக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பத்தாக்கலாம், அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் கேட்க வேண்டிய கோரிக்கைகளே. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவரின் பிள்ளை கடைசியில் எந்தக் கல்லூரியில் போய்ச் சேர்கிறது என்பது முடிவாகும் இடம் ஒன்று இருக்கிறது. அதை இவற்றில் எதுவும் தொடவில்லை.

சாதனைகளை மறுப்பதற்கில்லை. நுழைவுத் தேர்வை ஒழித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியில்லாதவர்களுக்குக் கதவு திறந்தது. மருத்துவப் படிப்புக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அதில் சேரும் பொறியியல் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று 2022-இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாதர்பாக்கத்திலும் ஆரம்பாக்கத்திலும் குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்கக்கூடிய ஏற்பாடு இது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

என் குறை விருப்பப் பட்டியலைப் பற்றியது. 2018-க்கு முன்பு கலந்தாய்வு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. தென்கோடியிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்தவர்களுக்கு அது பெரும்பாடு; அதை ஆன்லைனுக்கு மாற்றியதற்கு நியாயம் உண்டு. ஆனால் அங்கே முறை வந்து உள்ளே போகிறபோது, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பது திரையில் தெரியும். இருநூறுக்கு நூற்றறுபது கட்-ஆஃப் எடுத்த பெண், மிச்சமிருப்பதில் ஒன்றைக் காட்டினால் போதும். இன்று அவளுக்கு மிச்சம் எது என்று தெரியாது. தனக்கு முன்னால் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் எதை எடுப்பார்கள் என்றும் தெரியாது. 400-க்கு மேற்பட்ட கல்லூரிகளையும் அவற்றிலுள்ள பிரிவுகளையும் மனதில் வைத்து, தனக்கு எது முதலில், எது இருபதாவது, எது ஐம்பதாவது என்று அவளே வரிசை போட்டு, சுமார் மூன்று நாளுக்குள் பூட்டிவிட வேண்டும்.

அந்த வரிசை எங்கே உருவாகிறது என்பதைக் கும்மிடிப்பூண்டி பஜாரில் உள்ள ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் நின்று பார்த்தால் தெரியும். கடைக்காரர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு “சொல்லும்மா” என்கிறார். பின்னால் ஆதார் திருத்தத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆள் நிற்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த கல்லூரிகள், சாலையோரப் பலகையில் பார்த்தவையும் ஊருக்குள் பஸ் விடுபவையும்தான். கவரைப்பேட்டைக்கும் புதுவாயலுக்கும் நடுவே மட்டும் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி, ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரி, ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி என்று ஒரே நிர்வாகத்தின் மூன்று கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண், தனித்தனிக் கட்-ஆஃப். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கே இந்த வித்தியாசத்தை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். கணினி அறிவியலுக்கும், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற பிரிவுக்கும், கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும் என்ற பிரிவுக்கும் என்ன வேறுபாடு என்று கடைக்காரரைக் கேட்டு என்ன பயன்? தன் அப்பா ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தொழிற்சாலை எந்தப் பிரிவில் படித்தவர்களைப் பொறியாளராக எடுக்கிறது என்பதைக்கூட அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர் இல்லை.

பத்துப் பன்னிரண்டு பெயரோடு பட்டியல் முடிகிறது. அந்தப் பன்னிரண்டும் முன்னாலேயே நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் ஒதுக்கீடே இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர், நீளமான பட்டியல் போட்டதால், அவள் கேள்விப்பட்டிராத நல்ல கல்லூரி ஒன்றில் இடம் பெறுகிறார். தரவரிசை அவளை மேலே வைத்தது, பட்டியல் கீழே தள்ளியது. இதில் கணினி ஒரு தவறும் செய்யவில்லை. அதனால்தான் இந்த அநியாயம் எந்தப் புகாரிலும் வருவதில்லை.

இடம் கிடைத்தாலும் சிக்கல் ஓய்வதில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் மேலே வந்தால் பார்க்கிறேன் என்பன போன்ற தெரிவுகளில் ஒன்றை ஓரிரு நாளில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும். தகவல் வருவது பதிவு செய்த கைபேசிக்கு. பல வீடுகளில் அது அப்பாவின் எண். எத்தனையோ ஆலைகளில் கைபேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் இதற்கு நெருக்கமான ஒரு விவாதம் நடந்தது. பட்டியலைத் தந்திரமாக எழுதத் தெரிந்த பெற்றோருக்கு அங்கிருந்த முறை சாதகமாக இருந்தது, விவரம் தெரியாதவர்கள் இழந்தார்கள் என்று பொருளியலாளர்கள் காட்டினார்கள். 2005-இல் அந்த முறையையே நகரம் கைவிட்டது. அந்த ஆய்வில் முன்நின்ற ஆல்வின் ராத்துக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் முறையில் தந்திரம் தேவையில்லை, உண்மையான விருப்பத்தை எழுதினால் போதும் என்று ஆதரவாளர்கள் சொல்வது சரியே. ஆனால் 400 கல்லூரிகளைப் பற்றி உண்மையான விருப்பம் கொள்ள அவற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதங்களைப் பல்கலைக்கழகம் வெளியிடத்தான் செய்கிறது. அந்த அட்டவணையைத் தேடி எடுத்து, முந்தைய ஆண்டுக் கட்-ஆஃபோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அண்ணா நகரில் அப்பாவின் வேலை. எளாவூரில் அது யார் வேலையும் இல்லை.

“நான் முதல்வன்” இருக்கிறதே, “கல்லூரிக் கனவு” நடத்துகிறோமே என்பார்கள். மாணவர்களுக்கு வழிகாட்டும் நல்ல அரசுத் திட்டங்கள். ஆனால் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோரை உட்காரவைத்து ஒரு நாள் பேசுவதும், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தேழாவது விருப்பம் வரை எழுதவைப்பதும் ஒன்றாகாது. இரண்டாவதைச் செய்யாத வரை 7.5 சதவீதத்தின் பெரும் பலன் தனியார் கல்லூரிகளுக்குத்தான் போய்ச் சேரும். அரசே கட்டணம் கட்டும் மாணவர் அவர்களுக்கு நிச்சய வருமானம். ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பட்டியலின் முதல் வரியைத் தாங்களே எழுதித்தர அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கோ அந்த ஜூலையில் புதிய பிளஸ் டூ வகுப்பு தொடங்கிவிட்டிருக்கும்.

வழி இருக்கிறது. பட்டியல் நிரப்பும் நாள்களில் ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஹைடெக் ஆய்வகமும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கட்டும். இரண்டு ஆசிரியர்களுக்கு அதையே அலுவல் பணியாக்கட்டும். திருவள்ளூருக்குப் போய்க் கேள் என்று யாரையும் அனுப்ப வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக, சென்னைக்கு வந்து வண்டி மாற வேண்டும். ஒரு பட்டியலில் முப்பதுக்குக் குறைவான விருப்பங்கள் இருந்தால் பூட்டுவதற்கு முன் பள்ளிக்குத் தகவல் போகட்டும். இரண்டாவது கைபேசி எண்ணாக வகுப்பாசிரியரின் எண் பதிவாகட்டும். இதெல்லாம் ஊட்டிவிடுவது ஆகாதா என்று கேட்பவர்களில் பலர், தம் பிள்ளையின் பட்டியலை இரவு முழுக்கக் கண்விழித்து எழுதிக் கொடுத்தவர்கள். இதற்குப் புதிய சட்டமோ ஆளுநரின் ஒப்புதலோ தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையும் உயர் கல்வித் துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த கலந்தாய்விலேயே தொடங்கிவிடலாம்.