செவியேறாத மறுப்பு: 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத் பென்னட்

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் தலைவி எலிசபெத் பென்னட், திருமண எதிர்பார்ப்புகளை மீறிய பெண்ணாகவே பெரிதும் பேசப்படுகிறாள். அவள் மறுத்தாள் என்பதில் ஐயமில்லை. அம்மறுப்பு யார் செவியில் மறுப்பாக விழுந்தது என்பதே ஆராயத்தக்கது.

பென்னட் குடும்பத்தின் ஆண்டு வருவாய் 2,000 பவுண்டு. ஆண்வழி உரிமையால் கட்டுண்ட அச்சொத்து, தந்தைக்குப்பின் உறவினனான காலின்ஸைச் சேரும். அவனை மணந்தால் வீடு குடும்பத்தின் கையிலேயே தங்கும். ஆகவே, ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருவாயுடைய டார்சியை மறுத்ததைவிடக் காலின்ஸை மறுத்ததே இடர் மிகுந்தது. தாய், சகோதரியர் ஆகியோரின் உறைவிடமும் அம்மறுப்பில் அடங்கியிருந்தது.

காலின்ஸோ அம்மறுப்பைக் கேட்பதே இல்லை. நற்குடிப் பெண்கள் முதலில் மறுப்பது மரபு எனக் கூறி, அதை நாணத்தின் அடையாளமாக மாற்றிவிடுகிறான். தாயின் இறப்புக்குப்பின் அவளுக்குக் கிடைக்கவிருப்பது 1,000 பவுண்டு மட்டுமே என்பதையும், வேறு எவரும் அவளை மணக்க முன்வராமலே போகலாம் என்பதையும் நினைவூட்டுகிறான். தன்னை அறிவுடைய உயிராகக் கருதுமாறு எலிசபெத் வேண்டுகிறாள், பயனில்லை. அவன் மேலும் வற்புறுத்தினால் தந்தையை நாடுவதென முடிவுசெய்கிறாள். தந்தையின் மறுப்பையாவது பெண்மையின் பாசாங்காக அவன் கொள்ள இயலாது. நகைச்சுவையாகவே வாசிக்கப்படும் இக்காட்சியின் கசப்பு இதுவே. சுதந்திர மனம் படைத்தவளின் சொல்லுக்கும் ஓர் ஆணின் சொல் பிணை நிற்க வேண்டியிருக்கிறது.

அப்பிணை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. 27 வயதான தோழி ஷார்லட் காலின்ஸை ஏற்றபோது, அவளுடைய பெற்றோர் மகிழ்ந்து விரைந்து இசைகின்றனர். தோழியின் முடிவை எலிசபெத் கடிந்து மதிப்பிடும்போது, தன் மறுப்பைத் தாங்கிய தந்தையை அவள் எண்ணிப்பார்ப்பதில்லை. இவ்விடத்தில் தலைவியின் தீர்ப்பை அப்படியே ஏற்பது வாசகரின் பிழையாகும்.

டார்சியும் இசைவு கிட்டும் என்ற உறுதியுடனேயே முதலில் வருகிறான். எனினும், மறுப்பைக் கேட்டுச் சினந்தாலும், அதை மறுப்பாகவே கொள்கிறான். மறுநாள் அவன் தரும் கடிதம், முந்தைய வேண்டுகோளைப் புதுப்பிப்பதன்று என்ற உறுதியுடனேயே தொடங்குகிறது. பின்னர் லேடி கேத்தரின், டார்சியை மணக்கமாட்டேன் என்று வாக்களிக்குமாறு அச்சுறுத்தும்போது, தந்தையின் துணையின்றியே எலிசபெத் மறுக்கிறாள். அச்செய்தி லேடி கேத்தரின் வாயிலாகவே டார்சியை எட்டுகிறது. தன்னை அவள் அறவே விலக்கியிருந்தால் அதை ஒளிவின்றிச் சொல்லியிருப்பாள் என்று அவன் கணிக்கிறான். அவள் சொல்லை அவள் கருதிய பொருளிலேயே எடுத்துக்கொண்ட கணிப்பு அது.