எது வென்றாலும் வெல்கிற வாதம்

திருவாசகத்தில் மல்டிவெர்ஸ், அதாவது பல்லண்டம், இருக்கிறது என்று சொல்லாத பக்திச் சொற்பொழிவு அரிதாகிவிட்டது. திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடைவரை இந்தப் பேச்சு வந்துவிட்டது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேல் என்கிறார். வெள்ளைக்காரன் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்பது வாதம். அண்ணாமலையின் அடிமுடி தேடிய கதையையும் விடுவதில்லை. பிரம்மாவும் விஷ்ணுவும் தோற்றுத் திரும்பிய இடம்தான், நம் கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தின் விளிம்பாம்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. இயற்பியலாளர் ஆலன் கூத் பெயரையே கேட்டிராதவர்கள், பிரபஞ்சம் தொடக்கத்தில் சட்டென ஊதிப் பெருகியது என்னும் அவருடைய வீக்கக் கோட்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை கேட்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கவிஞர் அண்டத்தைப் பன்மையில் எண்ணிப் பார்த்ததும் சாதாரணமல்ல. அந்த மட்டில் சரி.

என் ஆட்சேபம் பழையது: இந்த வாதத்துக்குத் தோற்கத் தெரியாது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது என்றார்கள். பின்னாளில் நம் வானியலாளர் நார்லிகர் ஹாயிலோடு சேர்ந்து அந்த வழியில் நெடுந்தூரம் போனார். அவர்கள் வென்றிருந்தால், இதே திருவண்ணாமலையில் பாடியதாகச் சொல்லப்படும் திருவெம்பாவை கைகொடுத்திருக்கும்; தொடக்கமும் முடிவும் அற்ற சோதியைச் சொல்லித்தானே அது ஆரம்பிக்கிறது. 1965இல் பென்சியாஸும் வில்சனும் கண்ட நுண்ணலைப் பின்னணி அந்தக் கோட்பாட்டைச் சாய்த்தது. உடனே திருவண்டப்பகுதி பெருவெடிப்புக்குச் சாட்சியானது: அண்டங்கள் விரிந்ததாக அதில் வருகிறதே! இப்போது அதே அடிகள் பல்லண்டத்துக்குச் சாட்சி. நாளைக்குப் பென்ரோஸின் சுழற்சிப் பிரபஞ்சம் நிலைத்தால் கவலையில்லை, ஊழிக்கூத்து தயாராக இருக்கிறது. விஞ்ஞானிகள் எதைச் சொன்னாலும் நாம் முன்பே சொன்னதாகிவிடும் என்றால், நாம் எதையுமே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

பல்லண்டக் கோட்பாடே இன்னும் தீர்ப்பாகாத வழக்காக இருப்பதுதான் வேடிக்கை. கூத் 1981இல் வெளியிட்ட வீக்கத்தை லிண்டேயும் விலென்கினும் முடிவில்லாத வீக்கமாக நீட்டினார்கள். இழைக் கோட்பாட்டார் 10இன் அடுக்கு 500 வகை அண்டங்கள் சாத்தியம் என்று கணக்குக் கொடுத்தார்கள். வேறொரு அண்டம் நம்முடையதோடு மோதியிருந்தால் நுண்ணலைப் பின்னணியில் வட்டத் தழும்பு தெரியலாம் என்று 2011இல் டபிள்யூமேப் விண்கலத்தின் தரவைச் சலித்தும் பார்த்தார்கள். உறுதியான தடயம் கிடைக்கவில்லை. சோதனைக்கு நிற்காத கோட்பாட்டுக்குச் சலுகை கொடுக்காதீர்கள் என்று ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் 2014இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இயற்பியலாளர்களே கை நடுங்கப் பிடித்திருக்கும் கொம்பில் நம் பேச்சாளர்கள் திருவாசகத்தைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நமக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று கணித்து அங்கே தொலைநோக்கியைத் திருப்பிவைத்தார்கள். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கியது. வேறு இடங்களிலும் பதிவான அத்தகைய மங்கல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, யாரும் பார்த்திராத வளையங்கள் பிடிபட்டன. ஒளி மங்காமலே போயிருந்தால் வளையம் என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

திருவாசகத்துக்கும் இதனால் நட்டம்தான். திருவண்டப்பகுதி 182 அடி. மேடையில் கேட்பது முதல் சில அடிகள் மட்டுமே, அதுவும் அரைகுறையாக. அத்தனை கோடி அண்டமும் இறைவன் முன், வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசு அளவு என்பதுதான் அங்கே மாணிக்கவாசகர் சொல்லவந்தது. எண்ணிக்கை அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் ஒதுக்கித் தள்ளிய கணக்கை நாம் பொறுக்கியெடுத்து, நோபல் கமிட்டி வாசலில் உரிமை கேட்கிறோம்.

சொற்பொழிவாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பௌர்ணமிக்கு மேடை ஏறும்போது, எந்தக் கண்டுபிடிப்பு வந்தால் உங்கள் வாதத்தைத் திரும்பப் பெறுவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் மல்டிவெர்ஸை விட்டுவிட்டு 182 அடியையும் முழுதாகப் பாடிப் பொருள் சொல்லுங்கள்.