குளத்தைக் காட்டாத படகு: ஹிரிவடுன்னச் சவாரி பற்றிய ஒரு மதிப்பீடு

கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்தா வழியாக வடக்கே செல்லும் ஏ9 வீதியில் பயணிக்கும் சுற்றுலாப் பயணிகள் பலர் நாலந்தாவில் இறங்காமலே தம்புள்ளையைக் கடந்து, திருகோணமலை வீதியில் திரும்பி, ஹபரணைக்கு அண்மையிலுள்ள ஹிரிவடுன்ன என்னும் கிராமத்தை அடைந்து அங்குள்ள குளத்தில் படகேறுகின்றனர். இச்சவாரி 'கிராமச் சுற்றுலா' என்னும் தொகுப்பின் ஓர் அங்கம். முதலில் மாட்டுவண்டி, அடுத்துப் படகு, பின்னர் மண்வீட்டில் மதிய உணவு, இறுதியில் முச்சக்கர வண்டியில் திரும்புதல் என்பதே அதன் வழக்கமான ஒழுங்கு. அரை நாளையும் ஒரு தொகைப் பணத்தையும் கேட்கும் இந்த அமைதியான சவாரி அவற்றுக்குத் தகுதியானதா என்பதை ஆராயும்போது, அதைக் கிராம வாழ்க்கையின் ஒரு துண்டாக மட்டுமன்றி, கருப்பொருள் பூங்காவின் உறவாகவும் பார்க்க வேண்டியுள்ளது.

கருப்பொருள் பூங்கா என்பது ஒரு கதையையோ காலத்தையோ இடத்தையோ மையமாக வைத்து, அதற்கேற்பக் காட்சிகளைச் செயற்கையாக அமைக்கும் கேளிக்கை வளாகம். 1955-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் தொடக்க நாளிலிருந்தே காட்டாற்றுப் படகுச் சவாரி ஒன்று இருந்தது. நீருக்கடியில் மறைந்திருந்த தண்டவாளமே அப்படகை வழிநடத்தியது. 1964-இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்டு, 1966-இல் டிஸ்னிலாந்துக்கு மாற்றப்பட்ட பொம்மைக் குழந்தைகளின் படகுச் சவாரியும் இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இவற்றில் பயணி நடப்பதில்லை, வழியைத் தேர்வதுமில்லை; வேறொருவர் வகுத்த வரிசையில் காட்சிகள் அவரை நோக்கி வருகின்றன. இதைக் குறை என்று மட்டும் கொள்வது நியாயமன்று. அச்சமூட்டும் சவாரிகளில் ஏற இயலாத முதியோர், குழந்தைகள், நடக்கச் சிரமப்படுவோர் ஆகிய அனைவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரே காட்சியைக் காணும் வாய்ப்பை வேறெந்தச் சவாரியும் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை.

ஹிரிவடுன்னவில் தண்டவாளம் இல்லை. ஆயினும் வரிசை உண்டு. ஒடுங்கிய இரு ஓடங்களை இணைத்து, மேலே பலகை பரப்பி, இருக்கை பொருத்திய படகை ஒருவர் துடுப்பு வலித்துச் செலுத்துகிறார். இயந்திரம் இல்லாததே இதன் முதற்பெருமை. அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு மிக அருகில் வந்துவிடுவதால், கரையில் நின்று பார்க்கும்போது வெறும் பச்சைப் படலமாகத் தோன்றும் தாமரைப் பரப்பு இங்கே தனித்தனி இலைகளாகப் பிரிகிறது. அவ்விலைகளின் மீது நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் இலைக்கோழி கலையாமல் தன் இரையைத் தேடுகிறது. வேகத்தால் பெறமுடியாத இக்காட்சிக்காக மட்டுமே படகேறினாலும் அது வீணாகாது. படகோட்டி அல்லித் தண்டொன்றைப் பறித்து, சிறு சிறு துண்டுகளாக இருபுறமும் மாறி மாறி ஒடித்து, தோலை மட்டும் அறாமல் விட்டு, பூவே பதக்கமாகத் தொங்கும் மாலையாக்குவதும், தாமரை இலையை மடித்துத் தொப்பி செய்வதும் கைத்திறன் என்ற அளவில் பாராட்டத்தக்கவையே.

சவாரியின் குறையும் அம்மாலையிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பூ என்பது சிறிய இழப்பு. பயணியின் கவனம் முழுவதும் மாலையிலும் தொப்பியிலும் முடிந்து, குளம் அவற்றுக்குப் பின்னணித் திரையாகிவிடுவதே பெரிய இழப்பு. உலர்வலயத்துக் குளம் இயற்கையாகத் தேங்கிய நீரன்று. ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணால் எழுப்பிய கட்டு, வயலுக்கு நீர் விடும் துருசு, மிகை நீர் வழிந்தோடும் வான் ஆகியவை சேர்ந்த மனித ஆக்கம் அது. இத்தகைய குளங்கள் பல, மேற்குளத்தின் வடிநீர் கீழ்க்குளத்தை அடையும்படி ஒரே சரிவில் தொடராக அமைவதைச் சிங்களத்தில் 'எல்லங்காவ' என்பர். குளத்தின் மேற்புறத்தில் காற்றையும் ஆவியாதலையும் தணிக்கும் மரவரிசை 'கஸ்கொம்மன' என்றும், கட்டுக்கும் வயலுக்கும் இடையில் கசிவுநீரின் உவரை ஈர்த்துக்கொள்ளும் தாவரப் பட்டை 'கட்டகடுவ' என்றும் அழைக்கப்படுகின்றன. நீர் குறைந்த பருவத்தில் வயலின் ஒரு பகுதியை மட்டும் பயிரிட்டு, அதையே எல்லாக் குடும்பங்களும் பங்கிட்டுக்கொள்ளும் 'பெத்ம' முறையும் இக்குளங்களோடு பிறந்ததே. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2017-இல் இந்தத் தொடர்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. உலகம் மதித்த இந்த அமைப்பின் நடுவே செல்லும் படகில் துருசு எங்கே இருக்கிறது என்று கூடச் சொல்லப்படாமல் போவது வருந்தத்தக்கது.

மண்வீட்டு உணவைப் பற்றிய மதிப்பீடு இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய் துருவுவதும் குரக்கன் அரைப்பதும் பார்வையாளருக்காக மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் சமைப்பவரின் உழைப்பு நடிப்பன்று, சுடச்சுடப் பரிமாறப்படும் ரொட்டியும் சம்பலும் குளத்து மீன் குழம்பும் போலியல்ல. விருந்தினருக்காகக் கட்டிய வீட்டை அன்றாட வாழ்க்கை என்று அறிமுகம் செய்வதே பிழை. சமையற்கூடம் என்று நேராகச் சொன்னால் அவ்வுணவின் மதிப்பு ஒருதுளியும் குறையாது.

இவ்விடத்தில், பயணிகள் கடந்துசென்ற நாலந்தாவை ஒப்புநோக்குவது பயனுடையது. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில் ஏறத்தாழ 8 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தது எனக் கருதப்படுவது. மாமல்லபுரத்தை நினைவூட்டும் பல்லவச் சாயலும் பௌத்த வழிபாட்டு மரபும் அதில் ஒன்றுகலந்துள்ளன. மகாவலி நீரைத் திருப்பும் திட்டத்தால் அது நின்ற தாழ்நிலம் மூழ்கவிருந்தபோது, கட்டடம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அக்கோயிலின் அருகே நின்று நீரைப் பார்ப்பவருக்கு, இந்த நீர் எதற்காக இங்கே தேக்கப்பட்டது, யாருடைய வயலுக்குப் போகிறது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. படகின்றியே நாலந்தா எழுப்பும் இக்கேள்வியை, ஹிரிவடுன்னவின் படகு நீரின் நடுவே சென்றும் எழுப்புவதில்லை.

ஆகவே சவாரி போகத்தக்கதே, ஆனால் அதன் வரிசை மாறவேண்டும். மாட்டுவண்டி பயணியைக் கட்டின் மேலேயே இறக்கிவிட்டு, அவர் துருசையும் வானையும் கீழேயுள்ள வயலையும் பார்த்த பிறகு படகு புறப்படுமானால், கூடுதல் செலவின்றி அதே அரை நாள் பன்மடங்கு பொருளுடையதாகும். நடக்க இயலாதவருக்கு வண்டியிலிருந்தே இவற்றைக் காட்டலாம். உலர்வலயக் குளங்களில் முதலைகள் வாழ்வதால் நீரில் கைவிடாதிருப்பதும், உயிர்காப்பு அங்கியின்றி ஏற மறுப்பதும் பயணியின் பொறுப்பு. வடகீழ்ப் பருவமழையால் குளம் நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களே படகுக்கு உகந்தவை. ஆகஸ்ட், செப்டெம்பரில் நீர் வற்றிச் சவாரியும் குறுகிவிடக்கூடும் என்பதால், அப்போது வருபவர் அப்பணத்தை அருகிலுள்ள மின்னேரியாக் குளத்தின் அலைகரையில் திரளும் யானைக் கூட்டங்களைக் காணச் செலவிடுவதே மேல்.