அறிதலும் இசைதலும்

மலையக இலக்கியத்தைப் போற்றுவோர் வாய்க்கு வாய் கூறும் சொல் ஒன்றுண்டு: சகிப்புத்தன்மை. அட்டைக் கடியையும் குளவிக் கொட்டையும் பொருட்படுத்தாமல், வழுக்கும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் ஊவாப் பெண்ணை அவர்கள் வீராங்கனையாக்கி மகிழ்கின்றனர். இப்புகழுரையை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம்.

மைதானத்தில் இறங்கும் விளையாட்டு வீரன் காயத்துக்குத் துணிந்தே இறங்குகிறான், வேண்டாமெனில் விலகலாம். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்றிருக்கும் தொழிலாளிக்கு அவ்வுரிமை ஏது?

ஆபத்தை அறிந்தும் வேலை செய்தவன் அதற்கு இசைந்தவனே என்று இங்கிலாந்து முதலாளிகள் ஒருகாலத்தில் வாதாடினர். தலைக்குமேல் பாரந்தூக்கி கொண்டுசென்ற கல் விழுந்து காயமுற்ற தொழிலாளியின் வழக்கில், 1891இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளியது. அறிதல் வேறு, இசைதல் வேறு என்பது சட்டமாயிற்று. இலங்கையிலும் 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது.

ஆயினும் பழைய வாதம் சாகவில்லை. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரித்தும் அவர்கள் போகவில்லை என்றனர் சிலர். சொந்தமாகக் கையகல நிலமும் இல்லாதவர் எங்கே போவது?

தேயிலையின் அடியில் நடுகல்லுமின்றிப் புதைந்தவர்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தம் கவிதையில் நினைவுகூர்ந்தார். அவ்வழி வரும் எழுத்தாளர், சுமை தாங்கும் தோளை வியப்பதோடு நின்றுவிடலாகாது. சுமையை ஏற்றியவர் யார் என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வி இல்லாத புகழுரை முதலாளியின் வாதத்துக்கே துணைபோகும்.