உருளுதய்யா, உருளுது!

ஆறே ஆறு கம்பி. ஒன்று இன்னொன்றைத் தொடவே தொடாது. அவற்றின் நுனிகளை இணைக்க 24 இழுகயிறுகள். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பிறந்த சூப்பர்பால் ரோபோ இவ்வளவுதான்! சக்கரம் கிடையாது, கால் கிடையாது. மோட்டார்கள் கயிற்றை இழுக்க, உடம்பு நெளிய, எடை ஒரு பக்கம் சாய, தொபுக்கென்று அடுத்த முகத்தில் கவிழ்ந்து உருள்கிறது. அது உருளும் வீடியோவைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே போச்சு, தூங்கினவர்களையும் எழுப்பிக் காட்டினேன்!

அந்த மையத்தின் ஆய்வாளர்கள் வைட்டாஸ் சன்ஸ்பைரல், ஏட்ரியன் அகோஜினோ இருவருக்கும் இந்த யோசனை ஒரு குழந்தைப் பொம்மையைத் தரையில் போட்டு விளையாடும்போது உதித்ததாம். அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அதே மாதிரி ஒன்று செய்ய, ஆறு குச்சிகளின் நுனியில் பிளவு போட்டு, நுனிக்கு நுனி ரப்பர் பேண்டை இழுத்து மாட்டி, ஒன்றின் ரப்பருக்குள் இன்னொன்றின் நுனியைச் செருகிக்கொண்டே போனேன். கடைசி நுனி ஏறும்வரை தொளதொளவென்று கிடந்தது, ஏறிய மறுகணம் விறைத்து உருண்டையாக எழுந்து நின்றது பாருங்கள், கத்தியே விட்டேன்! அமுக்கினால் தட்டையாகிறது, விட்டால் துள்ளுகிறது, மாடியிலிருந்து போட்டாலும் ஒரு குச்சிகூட முறியவில்லை. ஓர் இடத்தில் பட்ட அடியை அத்தனை ரப்பரும் பங்கு போட்டுக்கொள்கின்றன!

இப்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். சனியின் நிலவான டைட்டன், பூமியைவிட ஒன்றரை மடங்கு காற்றழுத்தம், ஈர்ப்போ ஏழில் ஒரு பங்குதான், 2005-ல் ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இறங்கிய இடம், அங்கே பாராசூட்டே இல்லாமல் சூப்பர்பால் மாதிரி ஓர் உருண்டை விழுகிறது, அடர்ந்த காற்று வேகத்தை விநாடிக்குச் சுமார் 15 மீட்டருக்கு அடக்கிவிடும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு, ஆரஞ்சு மூட்டத்தைக் கிழித்து வந்து தரையில் மோதி, அமுங்கி, எகிறி, நடுவில் தொங்கும் கருவிகளுக்குச் சேதமில்லாமல் நின்று, அப்படியே உருண்டு புறப்பட்டால் எப்படி இருக்கும்! 1997-ல் பாத்ஃபைண்டர் கலத்தைச் செவ்வாயில் இறக்கிய காற்றுப்பைகளுக்கு அத்தோடு வேலை முடிந்தது. இங்கே அடி தாங்குகிற உடம்பேதான் ஊர் சுற்றுகிற உடம்பும். கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் போகிறது, போகட்டுமே!

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? இந்த ஞாயிறே ஆறு குச்சியும் ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டும் வாங்கிக் கொடுத்து, சூப்பர்பால் வீடியோவையும் போட்டுக் காட்டிவிடுங்கள்.