மறைத்துத் தருபவர் பார்க்க மாட்டாரா?

2023 ஜூலையில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்குத் தலா 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கின் மையத்தில் இருந்தது ஓனாவோ புரொடெக்ட் என்ற இலவச விபிஎன் செயலி. உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம் என்று விளம்பரம் செய்த செயலி அது. ஆனால் பயனர் எந்தச் செயலியைத் திறக்கிறார், எவ்வளவு நேரம் அதில் இருக்கிறார் என்பதைச் சேகரித்து ஃபேஸ்புக்கின் வணிகத் தேவைக்குக் கொடுத்தது. அதைப் பயனரிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை.

ஓனாவோ இஸ்ரேலிய நிறுவனம். ஃபேஸ்புக் அதை 2013-இல் வாங்கியது. வாட்ஸ்அப் எந்த வேகத்தில் வளர்கிறது என்பதை ஓனாவோவின் தரவு வழியாகத்தான் ஃபேஸ்புக் கண்காணித்துவந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஆவணங்கள் அதைக் காட்டின. 2024-இல் கலிஃபோர்னியா நீதிமன்ற ஆவணங்களில் இன்னும் மோசமான செய்தி வந்தது: ஸ்னாப்சாட்டின் மறையாக்கப்பட்ட போக்குவரத்தை இடைமறித்துப் படிக்க, ஓனாவோ குழுவின் மென்பொருள் 2016 முதல் சிலருடைய கைபேசிகளில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆக, பெருநிறுவனம் தரும் விபிஎன்னை நம்பலாமா என்ற கேள்வி வெறும் சந்தேகப் புத்தியில் பிறந்ததல்ல. அது ஒருமுறை நடந்திருக்கிறது.

விபிஎன் இல்லாதபோது, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அந்தத் தளத்தில் என்ன படிக்கிறீர்கள் என்பதைப் பெரும்பாலான தளங்களில் எச்டிடிபிஎஸ் ஏற்கெனவே மறைத்துவிடுகிறது. விபிஎன் போட்டால் உங்கள் போக்குவரத்து அதன் சர்வர் வழியாகப் போகிறது; சேவை நிறுவனம் இழக்கும் அதே பார்வை விபிஎன் நடத்துபவர் கைக்குப் போகிறது. பார்ப்பவர் மாறுகிறார், பார்வை அப்படியே இருக்கிறது.

அதற்காக, உரிமையாளர் யார் என்றே தெரியாத சிறு நிறுவனங்களிடம் ஓடுவது புத்திசாலித்தனம் ஆகாது. பதிவுகளே வைப்பதில்லை என்று சொல்லிவந்த யூஎஃப்ஓ விபிஎன்னின் பயனர் பதிவுகள் 2020-இல் கடவுச்சொல்கூட இல்லாத சர்வரில் திறந்து கிடந்தன. பெருநிறுவனத்திடம் தேர்ந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள், வெளித் தணிக்கைக்குப் பணம் இருக்கிறது, தவறு செய்தால் வழக்குப் போட ஒரு முகவரியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவால் மெட்டாவைக் கூண்டில் நிறுத்த முடிந்தது அதனால்தான்.

இந்த வலிமை முழுமையாகத் தெரிந்த இடம் கூகுளின் விபிஎன். 2020 அக்டோபரில் கூகுள் ஒன் சந்தாவோடு தொடங்கி, 2023-இல் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் விரிந்து, 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. இப்போது பிக்சல் கைபேசிகளில் தொடர்கிறது. வெறும் வாக்குறுதியில் நிற்காமல், தன்னாலேயே பார்க்க முடியாதபடி கட்ட முயன்றதுதான் அதன் சிறப்பு. இதற்குக் குருட்டுக் கையொப்பம் என்ற முறை உதவியது. 1980-களின் தொடக்கத்தில் மறையாக்க ஆய்வாளர் டேவிட் சாம் முன்வைத்த யோசனை அது. கார்பன் தாள் வைத்த உறைக்குள் சீட்டைப் போட்டு ஒட்டிக்கொடுத்தால், அதிகாரி உறையின் மேல் கையெழுத்திடுவார்; அது உள்ளே சீட்டில் பதியும்; ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதே போல, நீங்கள் சந்தாதாரர் என்று ஒரு சர்வர் சான்றளிக்கிறது. அந்தச் சான்றைப் பெற்று இணைப்பு தரும் இன்னொரு சர்வருக்கு, அது எந்தக் கணக்குக்குத் தரப்பட்டது என்று தெரியாது. கைபேசியில் ஓடும் மென்பொருளின் நிரலைக் கூகுள் திறந்து வைத்தது. இணையப் பாதுகாப்பு நிறுவனமான என்சிசி குழுமம் தணிக்கை செய்தது. இவ்வளவு அக்கறையோடு கட்டிய சேவைகள் குறைவு. இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனாலும் இரண்டு சர்வருக்கும் முதலாளி ஒருவரே. கணக்குப் பெயரைத்தான் கணிதம் மறைக்கிறது. உங்கள் ஐபி முகவரி இணைப்புச் சர்வரின் கண்ணில் பட்டே ஆக வேண்டும். அதைப் பதிவதில்லை என்பது மறுபடி வாக்குறுதிதான். அதே வீட்டு வைஃபையில் இன்னொரு கருவியில் ஜிமெயில் திறந்திருந்தால் அந்த முகவரி யாருடையது என்பதும் கூகுளுக்குத் தெரியும். இரண்டையும் அவர்கள் இணைத்ததாக எந்தச் சான்றும் இல்லை. இணைக்க முடியும் என்பதே என் கவலை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம். கணக்கில் நுழைந்த நிலையில் நீங்கள் செய்யும் தேடல், யூடியூப், எண்ணற்ற தளங்களில் பதிக்கப்பட்ட கூகுள் அனலிட்டிக்ஸ் என அதன் ஜன்னல்கள் எல்லாமே விபிஎன்னுக்கு வெளியே இருக்கின்றன. இந்தச் சேவை உங்கள் இணைய நிறுவனத்தின் கண்ணைக் கட்டுகிறது. தன் கண்ணைக் கட்டுவதில்லை.

ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பிரைவேட் ரிலே, இரண்டு சர்வருக்கும் ஒரே முதலாளி என்ற சிக்கலுக்கு நல்ல விடை. பாதையின் இரண்டு கண்ணிகளில் முதலாவதை ஆப்பிள் நடத்துகிறது. நீங்கள் யார் என்பது அதற்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. இரண்டாவதைக் கிளவுட்ஃபிளேர் போன்ற வேறு நிறுவனம் நடத்துகிறது. அதற்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. இருவரும் கூட்டுச் சேர்ந்தால் ஒழிய உங்களைப் பிடிக்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் சஃபாரி உலாவிக்கு மட்டும். சீனாவில் கிடையவே கிடையாது. அரசு விரும்பாத ஊரில் பெருநிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அதில் பார்க்கலாம்.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை தங்கள் இந்தியச் சர்வர்களை அகற்றிக்கொண்டு போயின. கைபேசி, விளம்பரம், மேகச் சேவை என்று இங்கே பெரும் வணிகம் செய்யும் ஒரு நிறுவனம் அப்படிச் சுலபமாக மூட்டை கட்ட முடியாது.

விமான நிலைய வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கிறவருக்கும், இணைய நிறுவனம் தன்னைப் பின்தொடர வேண்டாம் என்று நினைக்கிறவருக்கும் பிக்சலில் உள்ள விபிஎன் தாராளமாகப் போதும். தகவல் தருபவரைக் காப்பாற்ற வேண்டிய செய்தியாளருக்குப் போதாது. அவருக்கு டோர் போல, பாதையின் ஒவ்வொரு கண்ணியும் வெவ்வேறு கைகளில் இருக்கும் வலையமைப்பே வேண்டும், அது எவ்வளவு மெதுவாக ஓடினாலும்.